கறியை ஏன் விட்டேன்? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீடு அபூர்வம். அப்படி ஒரு வீட்டில் பிறந்து, அப்படியே இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். இடையில் கறி சாப்பிடுவதை விட்டேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், தூரத்துச் சொந்தம் என்று யாராவது காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

எதனால் விட்டீர்கள்? வேண்டுதலா, டாக்டர் சொன்னாரா?

இரண்டும் இல்லை. அந்த உயிர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் விட்டேன்.

என் மாமாவுக்குப் பல்லடம் பக்கத்தில் பிராய்லர் ஷெட்டு இருந்தது. அந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது. கம்பெனிக்காரர்கள் ஒருநாள் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கொண்டுவந்து இறக்குவார்கள். ஷெட்டு, தண்ணீர், கரண்டு, உழைப்பு நம்முடையது. வளர்ந்ததும் எடை போட்டு எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருவார்கள். பள்ளிக்கூட லீவுக்கு நாங்கள் அங்கேதான் போவோம்.

இறங்கும் நாளில் குஞ்சு 40 கிராம் சொச்சம் இருக்கும். ஆறு வாரத்துக்குள் 2 கிலோவைத் தொட்டுவிடும். சதை ஏறும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்காது. கடைசி வாரத்தில் பல கோழிகள் தீவனத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கிடக்கும். எழுந்து நாலடி வைத்தால் மறுபடி உட்கார்ந்துவிடும். விட்டுவைத்தால் கோழி ஐந்தாறு வருஷம் வாழும். இவை வயசுக்கே வராமல் போகின்றன. கோழிக்கடைக் கூண்டில் இருப்பவை எழுப்பும் சத்தத்தைக் கவனித்துப் பாருங்கள். உடம்புதான் பெரிய கோழி, குரல் இன்னும் குஞ்சுக் குரல்தான்.

லாரி ராத்திரியில்தான் வரும். இருட்டில் கோழி அதிகம் மிரளாது என்பதால் அந்த நேரம். பிடிக்கிற ஆட்கள் ஒரு கைக்கு நாலைந்து கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூண்டுக்குள் தள்ளுவார்கள். நடக்கவே சிரமப்படும் கால்களைப் பிடித்துத்தான் தூக்குவார்கள்.

மாமாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சித்திரை வெயிலில் கோழி மூச்சு வாங்கினால் மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு எழுந்துபோய்க் கூரைமேல் தண்ணீர் அடிப்பார். அவ்வளவு நல்ல மனுஷன் கையிலும் கோழியின் கதி அதுதான் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஆளை மாற்றினால் தீரும் விஷயமாக இருந்திருந்தால் நான் கறியை விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் உடனே விடவில்லை. வேலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு முதலில் பிராய்லர் போனது. அப்புறம் முட்டை, அப்புறம் மீன். ஆடு கடைசி.

ஆடு கடைசியா? எல்லோரும் மட்டனைத்தானே முதலில் விடுவார்கள்?

உடம்புக்காக விடுபவர்கள் அப்படிச் செய்வார்கள். டாக்டர் 'மட்டனைக் குறைச்சுக்கங்க' என்பார், வீட்டில் கோழி இரண்டு மடங்காகும். உயிர்களை வைத்துக் கணக்குப் போட்டால் இது தலைகீழ். ஒரு வெள்ளாட்டில் சுமாராக 12 கிலோ கறி கிடைக்கிறது. அதே 12 கிலோவுக்குப் பிராய்லர் என்றால் எட்டு ஒன்பது கோழி வேண்டும். நெத்திலி என்றால் எண்ணவே முடியாது.

எண்ணிக்கை மட்டுமல்ல. எங்கள் பக்கத்து ஆடு காட்டில் மேய்ந்து, வேலிக்கிளுவையைக் கடித்து, குட்டி போட்டுப் பால் கொடுத்து ஏதோ ஒரு வாழ்க்கையை வாழ்ந்திருக்கும். சாவு அதற்கும் கொடியதுதான். ஆனால் சாவதற்கு முன் வாழ்வென்று ஒன்று இருந்தது. பிராய்லருக்கு அதுவும் இல்லை.

'முழுசா விட முடியாதுங்க, ஏதாவது ஒண்ணைக் குறைக்கிறேன்' என்று யாராவது சொன்னால் கோழியைக் குறையுங்கள் என்றுதான் சொல்வேன். கேட்பவர்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

முட்டையில் என்ன இருக்கிறது? அதில்தான் உயிரே இல்லையே?

கடை முட்டையில் குஞ்சாகும் கரு இல்லை என்பது சரி. என் கவலை இட்ட கோழியைப் பற்றியது.

நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் கோழி கம்பிக் கூண்டில் இருக்கிறது. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 தாளைவிடச் சின்னது. இறக்கையை முழுசாக விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட மறைவான மூலை கிடையாது. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்பதால் குஞ்சிலேயே அலகு நுனியைச் சுட்டுத் தீய்த்துவிடுவார்கள். கோழியின் மூதாதையான காட்டுக்கோழி வருஷத்துக்கு ஒரு டஜன் சொச்சம் முட்டை இடும். பண்ணைக் கோழி 300 இடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்து போகிறது. ஒன்றரை வயசு வாக்கில் முட்டை குறைந்ததும் அதுவும் கறிக்குத்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. முட்டைக்கான கோழி இனத்தில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். அது முட்டை இடாது, கறிக்கான இனமும் இல்லை, தீவனம் போட்டால் நஷ்டம். அதனால் பொரித்த அன்றே அழித்துவிடுகிறார்கள். உலகம் முழுக்க நடப்பதுதான் இது. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் வந்ததால் அது முடிந்தது.

அப்படியென்றால் சத்துணவில் முட்டை போடக் கூடாது என்பீர்களா?

சொல்ல மாட்டேன். பள்ளியில் வாரம் ஐந்து நாள் கிடைக்கும் அந்த முட்டை, பல பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைக்கும் ஒரே நல்ல புரதம். எனக்குப் பருப்பும் சோயாவும் பனீரும் வாங்கக் காசு இருக்கிறது, எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்று யோசிக்க நேரமும் இருக்கிறது. பசியோடு வரும் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பதற்கு இரக்கம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது. கூண்டைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்காக ஒரு முட்டைக்கு அரசு கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம். இங்கே என்னோடு மல்லுக்கு வரும் சைவக்காரர்கள் உண்டு. வரட்டும்.

பால் குடிக்கிறீர்களா?

காபியில் பாலை விட்டாயிற்று. தயிரை விடவில்லை.

கன்று போட்டால்தான் பால். போடும் கன்றில் பாதி காளை. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, சினை ஊசி வந்ததால் பொலிகாளையும் தேவையில்லை. அந்தக் காளைக்கன்று எங்கே போகிறது? மடி வற்றிய மாடு எங்கே போகிறது? பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி போவதைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். எங்கள் தோட்டத்தில் கறந்த மாடுகள் கடைசியில் என்ன ஆயின என்று அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பா) கேட்டால் 'சந்தைக்கு' என்பார். அதற்குமேல் பேச மாட்டார். பால் தொழிலும் மாட்டுக்கறித் தொழிலும் ஒரே மாட்டின் முன்பாதியும் பின்பாதியும்தான். ஆகவே பாலையும் விட்டு வீகன் ஆனவர்கள் பக்கம்தான் தர்க்கம் நிற்கிறது. நான் நிற்கும் இடம் தர்க்கத்தால் வந்ததல்ல, தயிர்சோற்றால் வந்தது.

மீனுக்கு வலி தெரியுமா என்ன?

தெரியும் என்று சொல்லப் போதுமான சான்று இருக்கிறது. 2003இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் டிரவுட் மீனின் முகத்தில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டிக் கூழாங்கல்லில் உதட்டைத் தேய்த்தன, மற்ற மீன்களைவிட நெடுநேரம் இரையைத் தொடவில்லை. அந்த நடத்தைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டத்தில் நண்டு, இறால், கணவாய் வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாகச் சேர்த்திருக்கிறார்கள்.

நாம் கொல்லவில்லையே. கடையில் ஏற்கனவே இறந்ததைத்தானே வாங்குகிறோம்?

இந்த வாதம் பழசு. கொன்றவனுக்குத்தான் பாவம், தின்றவனுக்கு இல்லை என்பது வள்ளுவர் காலத்திலேயே இருந்திருக்க வேண்டும். புலால் மறுத்தலில் அதற்கென்றே ஒரு குறள்: 'தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.' தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்குக் கறி தர யாரும் இருக்க மாட்டார்கள். பாவ புண்ணியம் எதையும் பேசாமல் வெறும் சந்தைக் கணக்கை மட்டும் அங்கே வைக்கிறார். தெருக் கோழிக்கடையில் நாம் போய் நின்று 'ஒரு கிலோ' என்று சொன்னபிறகுதான் கூண்டைத் திறக்கிறார்கள். அங்கே 'ஏற்கனவே இறந்தது' என்று சொல்லவும் வழியில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு விலங்கின் கண்ணெதிரில் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்கிறது 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதி. தெருக்கடைகளில் கூண்டும் கத்தியும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

நீங்கள் அவங்களா?

எந்தச் சாதி என்பதை இப்படித்தான் கேட்பார்கள். இல்லை. 2014இல் மத்திய அரசு எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் அசைவம்தான். அந்தக் கூட்டத்தில்தான் நானும் பிறந்தேன்.

எனக்கு எரிச்சல் தரும் கேள்வி என்றால் இதுதான். கேட்பவர்மேல் தப்பில்லை. நம் ஊரில் கறி சாப்பிடாததைத் தீட்டு, மடி, உயர்வு தாழ்வோடு கட்டி வைத்திருக்கிறார்கள். 'சைவர்களுக்கு மட்டும் வீடு வாடகைக்கு' என்ற பலகை ஆட்டுக்காகப் பரிதாபப்பட்டு மாட்டியதல்ல. யார் உள்ளே வரக் கூடாது என்பதைச் சாதிப் பெயர் சொல்லாமல் சொல்லும் வழி அது. எனக்குக் கறியும் அசிங்கமில்லை, கறி தின்னும் மனிதர்களும் அசிங்கமில்லை. கறிச்சட்டி கழுவிய அதே தொட்டியில் என் தட்டைக் கழுவுகிறேன். அதே அடுப்பு, அதே கரண்டி. கரண்டியை மாற்றுவதால் எந்தக் கோழிக்கும் ஒரு நாள் ஆயுசு கூடப்போவதில்லை.

கறிக்கடைப் பாயைக் கரித்துக்கொட்டும் பேச்சும் எனக்கு ஆகாது. அவர் கடைமுன் நிற்கும் வரிசையில் எல்லாச் சாதியும் நிற்கிறது. மாட்டின் பேரைச் சொல்லி மனிதனை அடித்துக் கொல்பவர்களிடம் எனக்கு எந்த உறவும் இல்லை. மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி எல்லாம் எனக்கு ஒன்றுதான்.

கறி மறுப்பும் சமத்துவமும் சேர்ந்தே இருந்த வழி ஒன்று நமக்கு உண்டு. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் திறந்தபோது சாதி கேட்காமல் சோறு போட்டார். புலால் வேண்டாம் என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னவர், பசித்து வந்தவன் நேற்று என்ன தின்றான் என்று கேட்டு அனுப்பவில்லை. அந்தச் சாலையில் இன்றும் அடுப்பு எரிகிறது.

குலதெய்வம் கோயில் கிடாவெட்டுக்குப் போவீர்களா?

போவேன். பொங்கல் வைப்பேன், சொந்தபந்தத்தைப் பார்ப்பேன். வெட்டும் நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆலமரத்துப் பக்கம் போய்விடுவேன். முதல் தடவை அமுச்சி (அம்மாவின் அம்மா), 'கண்ணு, கருப்பராயனுக்குக் கோவம் வந்துருமாட்ட' என்றாள். சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். இதுவரை கோபம் எதுவும் வரவில்லை.

கோயில் பலியைத் தடுக்கும் 1950ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதை எழுப்பிக் கறாராக நடத்தச் சொன்னது. கிராமங்களில் எதிர்ப்பு பலமாக, 2004இல் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். விலங்கின் பக்கம் நிற்கும் நான் அந்தத் தடையை ஆதரித்திருக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஒரு கிடா வெட்டும் ஏழைச் சாமியின் வாசலில் போலீஸ் நிற்கும். அதே ராத்திரி பைபாசில் ஆயிரக்கணக்கான கோழிகளோடு லாரிகள் வரிசையாகப் போகும். அந்தச் சட்டத்துக்குக் கோழிகள் கண்ணில் படவில்லை. எனக்கு அது இரக்கமாகத் தெரியவில்லை.

வீட்டில் மற்றவர்களுக்குக் கறி சமைத்துத் தருவீர்களா?

பெண் என்பதால் வரும் கேள்வி. கறியை விட்ட ஆண்களிடம் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கொஞ்ச காலம் சமைத்தேன். உப்புப் பார்க்க மகனைக் கூப்பிடுவேன். பிறகு வீட்டுக்காரரிடம் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: கறி வேண்டும் என்றால் வாங்குவது, கழுவுவது, வேகவைப்பது எல்லாம் அவர். மசாலா மட்டும் நான் அரைத்துத் தருவேன். இதில் எதிர்பாராத பலன் என்னவென்றால், வாரம் தவறாமல் எடுத்த கறி மாசத்துக்கு ஒன்றிரண்டாகிவிட்டது. கோழியைக் கழுவிச் சுத்தம் செய்வது ஒன்றும் லேசான வேலை இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோனது. பிள்ளைகள் அவரவர் விருப்பம். பெரியவன் சாப்பிடுகிறான், சின்னவள் தானாகவே விட்டுவிட்டாள். மாமியார் இன்னும் என் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

செடிக்கும் உயிர் இருக்கிறதே?

இருக்கிறது. வலியை உணரும் நரம்பும் மூளையும் அதற்கு இல்லை. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் 2 கிலோ பிராய்லரை வளர்க்க மூன்று கிலோவுக்கு மேல் மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனம் வேண்டும். செடிக்காக அழுபவர்கள் முதலில் கோழியைத்தான் விடவேண்டும்.

சிங்கம் மானைத் தின்னவில்லையா?

தின்கிறது. சிங்கத்துக்கு வேறு வழியில்லை, எனக்குத் தட்டைப்பயறு இருக்கிறது.

எல்லோரும் விட்டுவிட்டால் கோழி பெருகி ஊரே நிரம்பிவிடாதா?

அவை தானாகப் பெருகுவதில்லை. ஆர்டருக்குத் தக்க மாதிரி பொரிப்பகத்தில் பொரிக்கிறார்கள். கேட்பது குறைந்தால் முட்டை அடை வைப்பதும் குறையும்.

உடம்பு தாங்குகிறதா? புரதத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் அளவுப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ இருப்பவருக்கு 46 கிராம் சுமார். காய்ந்த பருப்பு, கொள்ளு, பயறு எதுவானாலும் 100 கிராமில் 22 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நிலக்கடலையில் 25, சோயா உருண்டையில் 50ஐத் தாண்டும். கொங்குக்காரிக்குக் கொள்ளுப் பருப்பும் அரிசிம்பருப்புச் சோறும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. ஒரு கரண்டி நீர்த்த சாம்பாரை ஊற்றிக்கொண்டு 'பருப்பு சாப்பிட்டேன்' என்று சொல்லக் கூடாது. சைவம் ஆகிறேன் என்று இட்லி, தோசை, சோறு, உருளைக்கிழங்கிலேயே ஓட்டுபவர்களுக்குத்தான் உடம்பு கெடுகிறது.

உண்மையாகவே கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. அது செடிகொடியிலிருந்து கிடைக்காது. ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் போதும். அந்தச் சின்ன அளவும் இல்லாவிட்டால் அசதி, கைகால் மரமரப்பு, ஞாபக மறதி என்று வரும், நரம்பு பாதிக்கும். பால், தயிர் எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை எடுங்கள். மாத்திரை பாக்டீரியாவைக் கொண்டு தயாரிப்பது, அதில் விலங்கு இல்லை. அடைத்து வரும் கேப்சூலின் மேல்கூடு ஜெலட்டினாக இருக்கலாம். அது எலும்பிலும் தோலிலும் எடுப்பது. அதனால் நான் வில்லையாகக் கேட்டு வாங்குவேன். மருந்தே அந்த வடிவில்தான் கிடைக்கும் என்றால் பேசாமல் விழுங்கிவிடுவேன்.

இரும்புச்சத்துக்குக் கீரை, கம்பு, பயறு. சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை பிழிந்துகொண்டால் நன்றாகச் சேரும்.

ருசிக்கு ஏங்குவதில்லையா?

ஏங்குவேன். மழை நாளில் பக்கத்து வீட்டில் நாட்டுக்கோழி கொதிக்கும் வாசனை வந்தால் நாக்கு ஊறத்தான் செய்யும். வாசனை பிடிக்காமல் விட்டவள் இல்லையே நான். ஆனால் அந்த ருசியில் பெரும்பங்கு சின்ன வெங்காயம், மல்லி, மிளகு, தேங்காய். பள்ளிபாளையம் சிக்கன் என்று பேர் பெற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்: விதை எடுத்த வரமிளகாய், பல்லு பல்லாய் நறுக்கிய தேங்காய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. கோழி இருந்த இடத்தில் காளானைப் போட்டுச் சுருள வதக்கினால் தட்டு காலியாகும். காளான் தண்ணீர் விடும் என்பதால் தண்ணீர் தெளிக்க வேண்டாம், உப்பைக் கடைசியில் போடுங்கள். பலாக்காயும் நன்றாக வரும். சோயா உருண்டையைக் கொதிநீரில் போட்டுப் பிழிந்துவிட்டுச் செய்யுங்கள், பச்சை வாசம் போய்விடும்.

எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தால் உங்களுக்கு என்ன செய்வது?

தனியாக எதுவும் வேண்டாம். ரசம், அப்பளம், ஊறுகாய், மோர் இருந்தால் வயிறு நிறையச் சாப்பிடுவேன். குழம்பிலிருந்து கறித்துண்டை மட்டும் தள்ளிவிட்டு 'சாறு மட்டும்தானே' என்று ஊற்றாதீர்கள். இலங்கைச் சொந்தங்கள் வீட்டுத் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், என் இலைக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்கி எழுந்து போக வேண்டாம். நீங்கள் நல்லியைத் தட்டி உறிஞ்சுங்கள், எனக்கு அந்த ரசத்தை இன்னொரு கரண்டி.